ஜப்பானில் பத்து நாள்: தினசரி ரயில், பஸ் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி:
நானும் மனைவியும் அடுத்த மாதம் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் 5 நாள், கியோட்டோவில் 4 நாள், கடைசி நாள் ஒசாகா, அங்கிருந்தே ஊருக்கு விமானம். அறையெல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. அங்கே தினமும் சுற்றுவதற்கு ஆகும் செலவுதான் பிடிபடவில்லை. ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) ரயில்களில் ஏழு நாள் இஷ்டம்போல் ஏறலாம் என்கிற 7 நாள் ஜேஆர் பாஸ் ஆளுக்கு 50,000 யென் என்று பார்த்ததும் பகீரென்றது, ஆனால் அதை எடுத்துவிட்டால் தினசரிச் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா, அல்லது ஒரு தொகையை வைத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
பாஸ் வேண்டாம். 2023 அக்டோபருக்கு முன் அது 29,650 யென், அப்போது சொன்ன யோசனையை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறத்தாழ 14,000 யென், நீங்கள் போவது ஒரு வழிதான். கியோட்டோ, ஒசாகா இடையே சாதாரண ரயிலில் 600 யென்னுக்குள் முடிந்துவிடும். அதோடு டோக்கியோ மெட்ரோவிலும் கியோட்டோ நகரப் பஸ்ஸிலும் அந்தப் பாஸ் செல்லாது, தினசரிச் செலவே அங்கேதானே!

பத்தால் வகுக்கவும் வேண்டாம். ஷிங்கன்சென், விமான நிலையப் பயணம் இரண்டையும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதி நாட்களுக்கு டோக்கியோவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 யென் வைத்தால் தாராளம். முன்கூட்டியே பணம் ஏற்றி ரயில், பஸ்ஸில் பயன்படுத்தும் சுயிகா கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று. ஸ்டேஷன் கேட்டில் வைத்ததும் மீதித் தொகை சின்னத் திரையில் ஒரு நொடி வந்து போகும், இரவு அறைக்குத் திரும்பும்போது அந்த எண்ணை மட்டும் குறித்து வைத்தேன், அதுவே எனக்குக் கணக்கு நோட்டு. அப்புறம் ஒன்று: மெட்ரோ, தோயேய் (டோக்கியோ மாநகர அரசின் சுரங்க ரயில்), ஜேஆர் எல்லாம் வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெரும்பாலும் கட்டணம் புதிதாக ஆரம்பிக்கும். மேப்பில் ஐந்து நிமிடம் கூடுதலாகக் காட்டினாலும் ஒரே நிறுவனத்தின் வழியில் போனால் மிச்சமாகும்.

பதில் 2:
கியோட்டோவுக்கு மட்டும் சொல்கிறேன். நகருக்குள் பஸ் எவ்வளவு தூரம் போனாலும் 230 யென். பஸ்ஸும் சுரங்க ரயிலும் சேர்ந்த ஒருநாள் பாஸ் 1,100 யென், ஆகவே ஐந்து முறை ஏறினால்தான் அது கட்டுப்படியாகும். பஸ்ஸுக்கு மட்டும் இருந்த ஒருநாள் பாஸை நிறுத்திவிட்டார்கள், பழைய பதிவுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபுஷிமி இனாரி கோவிலுக்குப் போகும் நாளில் பாஸ் எடுக்காதீர்கள், கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆரில் இரண்டாவது நிறுத்தம், அதில் இந்தப் பாஸ் செல்லாது.

பதில் 3:
டாக்ஸிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம். இரவு 10 மணிக்கு மேல் மீட்டரில் 20 சதவீதம் கூடுதல், அன்று கொடுத்தது எங்களுடைய நான்கு நாள் ரயில் காசு. கார்டில் பணம் ஏற்ற ஸ்டேஷன் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும், அதனால் கையில் ஆயிரம் யென் தாள்கள் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாஸ் எடுக்கவில்லை. ஷிங்கன்சென்னைத் தனியாக வைத்துவிட்டு, நகரச் செலவுக்கு இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 யென், டாக்ஸிக்கு ஒரு தனிக் கவர் என்று முடிவு செய்திருக்கிறோம்.