மருந்து அருவியா, மருந்துத் தொடுப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' (prescribing cascade) என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் யோசித்திருக்கும் 'மருந்து அருவி' சரிவராது. அருவி என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் துண்டோடு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். 'மருந்துத் தொடுப்பு' மல்லிகை கட்டும் மதுரைக்குப் பொருத்தம்தான். ஆனால் இந்தப் பக்கம் தொடுப்பு என்றால் வேறு அர்த்தம்; விளக்கமாட்டேன்.

1990களில் மருத்துவ ஆய்வாளர்கள் பவுலா ரோஷனும் ஜெர்ரி கர்விட்ஸும் விளக்கிய கருத்து இது: மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி, அதற்கும் ஒரு மருந்து எழுதுவது. ஒருவரே பல மருந்துகள் சாப்பிடுகிறார் என்று எண்ணிக்கையைச் சொல்லப் 'பன்மருந்து' இருக்கிறது. இங்கே கதை, கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்கு மாடு வாங்கிய சாமியார் கதை.

மேலூரில் என் பெரியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வேறொரு மருத்துவர் வீக்கத்தைப் பார்த்து, நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்தார். வீக்கம் அவ்வளவாக வடியவில்லை. வடியாது, அம்லோடிபின் நுண்ணிய தமனிகளை விரிப்பதால் கணுக்காலில் நீர் கசிகிறதே தவிர, உடம்பில் நீர் கூடிவிடவில்லை. நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கியது. அதற்கு வலி மாத்திரை. அது உப்பைத் தேக்கி, பிரஷரை மறுபடி ஏற்றியது! மஞ்சப்பையை மேசையில் கொட்டிப் பார்த்த மூன்றாவது மருத்துவர்தான் முதல் மாத்திரையைக் குறைத்தார்.

'வீண்மருந்து' என்ற யோசனையும் வேண்டாம். இரண்டாவது மருந்தைத் தெரிந்தே, தேவைக்காக எழுதுவதும் உண்டு. இதயம் பலவீனமானாலும் கால் வீங்கும். அவர்களுக்கு நீர் மாத்திரை அவசியம். சொல்லைக் கேட்டுப் பயந்துபோய் யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

முதலில், மருந்து ஈன்ற மருந்து என்ற பொருளில், 'மருந்தீன் மருந்து' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் மீன் வாடை அடிக்கிறது. இப்போது என் பரிந்துரை 'மருந்துவழி மருந்து'. அம்மாவழிச் சொந்தம் என்கிறோமே, அந்த வழி. பக்கவிளைவாக வரும் தொந்தரவை 'மருந்துவழி நோய்' என்று சொல்லவும் இடமிருக்கிறது.

பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது எந்த மாத்திரை வழிடா?" என்றார்.