வைரத்துக்குப் பதில் வேறு கல் போட்டவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரி பெரியம்மா:

போன மாதம் தங்கை மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை மோதிரத்தில் வைத்தது மொய்சனைட், வைரம் மாதிரியே மின்னுகிற வேறு கல். அவரே கேட்டது அது. "வைரத்துக்குக் கொடுக்கிற காசை வீட்டு அட்வான்ஸுக்கு வைங்க அத்தை" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். கல்லுக்குக் கொடுத்தது, அதைச் சுற்றியிருக்கிற தங்கத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. சம்பந்தியம்மாவுக்கும் தெரியும், சம்மதம். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது "ஏமாத்திட்டீங்களா" என்று ஆரம்பிப்பீர்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு மட்டும் அவர்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவர் கீழே மேட்டுப்பாளையத்தில் நகைக்கடை வைத்திருப்பவர். தட்டு மாற்றியதும் மனிதர் எழுந்தார், சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்தார், தாம்பாளத்தில் இருந்த மோதிரத்தில் வைத்தார். விளக்கெல்லாம் எரிந்து பீப் பீப் என்று கத்தியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. "சுத்தமான வைரம்! பச்சைத் தேயிலை விலை இப்படிக் கிடக்கிற காலத்துலயும் பொண்ணு வீட்டுக்காரங்க குறை வைக்கலை பாருங்க" என்றார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் பழத்தட்டைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. இன்னும் அந்த பீப் சத்தம் காதில் இருக்கிறது. கடை வைத்திருப்பவர் கையிலிருக்கும் கருவி ஏன் அப்படிச் சொன்னது? அதைவிட, இனி அவரிடம் சொல்லுவதா வேண்டாமா?

வெலிங்டன் ரிட்டயர்டு:

அம்மா, கருவியில் கோளாறு இல்லை. அந்தப் பேனா அளப்பது கல் வழியாகச் சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும்தான். வைரத்தில் சூடு பறக்கும். மொய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு, அதிலும் அந்தப் பேனாவை ஏமாற்றும் அளவுக்கு வேகமாக ஓடும். அதனால் பழைய பேனா இரண்டையும் வைரம் என்றே கத்தும். 1998ல் இந்தக் கல் நகைச் சந்தைக்கு வந்தபோது கடைக்காரர்கள் பலர் குழம்பினார்கள். அப்புறம்தான் மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் வந்தது. தாய்மாமா அதை வாங்கவில்லை போலிருக்கிறது.

பத்து மடங்கு காட்டும் லென்ஸ் இருந்தாலே போதும். கல்லைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் ஒற்றையாகத்தான் தெரியும். வெயிலில் வானவில் நிறம் அதிகமாகத் தெறிப்பதும் ஒரு அடையாளம். ஆனால் அவரை ரொம்பக் குறை சொல்ல வேண்டாம். 1893ல் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்துத் துண்டில் இதை முதலில் பார்த்தவர் ஹென்றி மொய்சான். பின்னால், 1906ல், வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அவரே முதலில் வைரம் என்றுதான் நினைத்தார்.

என் விஷயம் வேறு. அறுபதாம் கல்யாணத்துக்கு வீட்டுக்காரிக்கு வெள்ளை சஃபையர் மோதிரம் வாங்கினேன், கோயம்புத்தூரில். நீலக்கல்லின் நிறமில்லாத வகை. கடையில் தலைக்கு மேல் வரிசையாக விளக்கு, கல் துள்ளியது. குன்னூர் வந்தது ஜூலையில். பெட்ஃபோர்டில் பஸ்ஸுக்கு நின்றோம், எதிரே இருக்கிற கட்டடம் தெரியாத மூடுபனி. அவள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, கல்லுக்குள்ள தண்ணி நிக்குதா?" என்றாள். எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஒளி போன வழியே போய்விட்டது, திரும்பவே இல்லை.

இதற்குக் காரணம் எளிது. ஒளியைக் கல் எவ்வளவு வளைக்கிறது என்று சொல்வது ஒளிவிலகல் எண். வைரத்துக்கு அது 2.42. மொய்சனைட்டுக்கு 2.65க்கு மேல். சஃபையருக்கு வெறும் 1.77. கடை விளக்கில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிற ஊரில் மறையாது. கடினத்தில் குறையில்லை, மோஸ் அளவில் 9. கீறல் விழாது, நூறு வருடம் அப்படியே இருக்கும். அப்படியே என்றால், கண்ணாடித் துண்டு மாதிரியே. மலைக்காரர்கள் கல்லைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து, நிழலில் பார்த்து வாங்குங்கள்.

தாய்மாமாவிடம் சொல்வதெல்லாம் உங்கள் குடும்ப விஷயம், நான் வரவில்லை.

பூம்பாறைப் பூண்டு:

வெலிங்டன் சார் கண்ணாடி என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நாங்கள் போடுவது அமெரிக்கன் டைமண்ட், அதாவது க்யூபிக் சிர்கோனியா. அதையும் நாலு பேர் கண்ணாடி என்றுதான் சொல்கிறார்கள். ரஷ்யாக்காரர்கள் கண்டுபிடித்த கல்லுக்கு யார் அமெரிக்கா என்று பேர் வைத்தார்களோ! மூடுபனியிலும் என் தோடு மின்னும், வந்து பாருங்கள்.

என் மனசில் இருப்பது கல்லைப் பற்றி இல்லை, எடையைப் பற்றி. அம்மாவுக்கு ஏழு கல் தோடு, இந்தக் கல் வைத்தது, கீழே ஒரு கடையில் எடுத்தோம். பூண்டு விற்ற காசு. சில வருடம் கழித்து ஒரு கல் மங்கிப்போனது. பூண்டு உரிக்கிற கை, மண், சோப்பு எல்லாம் சேர்ந்து பட்டையின் விளிம்பு மழுங்கிவிடும், இந்தக் கல்லுக்கு அது உண்டு. வத்தலக்குண்டில் ஒரு பத்தரிடம் கொடுத்தேன். அவர் எல்லாக் கல்லையும் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, தராசில் வைத்தார். பிறகு வெறும் தங்கத்தை வைத்தார். பழைய பில்லைக் கேட்டார். பில்லில் இருந்த எடை இரண்டும் சேர்ந்த எடை. கல்லுக்கும் தங்க விலை போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் கல் விலை என்று தனியாகவும் ஒரு வரி.

"இந்தக் கல்லு கனம் ஜாஸ்தி தாயி" என்றார் பத்தர். உண்மைதான். ஒரே அளவு வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். மலிவான கல் என்று நினைத்து வாங்கினோம், அதையே தங்க விலைக்கு வாங்கியிருக்கிறோம். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கல் வைத்த நகை எடுக்கிறவர்கள் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹால்மார்க் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும், அதோடு வருகிற ஆறு எழுத்து எண் அந்த நகையின் அடையாளத்துக்கு, இரண்டும் கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மங்கின கல்லை மாற்ற ஆன செலவு ரொம்பச் சொற்பம். திருச்சிப் பக்கம் பட்டை தீட்டுகிற கல், பத்தர் டப்பா நிறைய வைத்திருந்தார்.

கூடலூர் ஆள்:

எல்லோரும் ஏன் வைரம் மாதிரி இருக்கிற கல்லையே தேடுகிறீர்கள்? வைரமே கிடைக்கிறதே, லேபில் வளர்த்த வைரம். சிலிக்கன் இல்லை, சிர்கோனியம் இல்லை, அதே கரி. அழுத்தமும் சூடும் கொடுத்து வளர்ப்பது ஒரு முறை. மீத்தேன் வாயுவிலிருந்து படலம் படலமாக வளர்ப்பது இன்னொரு முறை. கடினம் 10, ஒளிவிலகல் 2.42, எல்லாம் அதே. வெலிங்டன் சாரின் லென்ஸாலும் பிரிக்க முடியாது, லேபில் மெஷின் வேண்டும். அமெரிக்காவில் 2018லேயே வணிக ஆணையம் வைரத்துக்கான விளக்கத்திலிருந்து "இயற்கை" என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் அரசாங்கம் 2023ல் இந்த ஆராய்ச்சிக்கென்று சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து வருடத்துக்கு 242 கோடி ஒதுக்கியது. சூரத்தில் எவ்வளவோ பேர் செய்கிறார்கள். இயற்கை வைரத்தோடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு, வருடா வருடம் இன்னும் இறங்குகிறது. சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் சர்டிபிகேட் எண்ணும் ஒன்றா என்று லென்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு சி (கட், கலர், கிளாரிட்டி, காரட்) என்பார்களே, அதில் கட், அதாவது பட்டை தீட்டிய விதம், முக்கியம், மற்றதில் விட்டுக்கொடுக்கலாம். அரை காரட்டுக்குக் கீழே நிறத்துக்குக் காசு கொடுப்பது வீண். சர்டிபிகேட் இல்லாத கல் என்றால் வாயால் ஊதிப் பாருங்கள், வைரத்தில் பனித்த ஈரம் உடனே மறைந்துவிடும்.

என் அனுபவம் சின்னது. மனைவியின் லேப் வைரத் தோட்டை மாற்றலாம் என்று சுல்தான் பத்தேரியில் ஒரு கடைக்குப் போனோம். தங்கத்தை எடை போட்டார்கள், விலை சொன்னார்கள். கல் இரண்டையும் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, மிச்சச் சில்லறை கொடுப்பதுபோல் கையில் கொடுத்துவிட்டார்கள். "இதுக்கு நாங்க விலை போடுறதில்லை சேட்டா." மனைவி திரும்பும் வழி முழுக்கப் பேசவில்லை.

அது போகட்டும். பெரியம்மா, தாய்மாமாவிடம் உடனே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெண்தான் அந்த வீட்டில் பேச்சு வாங்கும்.

பூம்பாறைப் பூண்டு:

கூடலூர் அண்ணே, இத்தனை சொல்லிவிட்டுக் கடைசியில் கல் பொட்டலத்தில்தான் வந்திருக்கிறது! எங்கள் கல்லும் பொட்டலத்தில்தான் வரும், ஆனால் போகும்போது கொஞ்சம் காசைத்தான் கொண்டுபோகும்.

கேத்தி கேரட்:

நான் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மோதிரம் வாங்குகிறவர்கள் விரல் அளவை மலைமேலேயே எடுங்கள், காலையில். என் மோதிரத்துக்குச் சித்திரை வெயிலில் கோயம்புத்தூரில் அளவெடுத்தார்கள். அங்கே இறுக்கமாக இருந்தது, சோப்பு போட்டுத்தான் கழற்றினேன். இங்கே மார்கழிக் குளிரில் விரல் சுருங்கிவிடுகிறது. கேரட் கழுவுகிற மெஷின் பக்கத்தில் மூட்டையைப் பிடித்துக் கவிழ்த்தேன், கேரட்டோடு மோதிரமும் போனது. கண்ணால் பார்த்தேன், வெள்ளையாக ஒரு மின்னல், அப்புறம் எல்லாம் ஆரஞ்சு.

ஆட்கள் மெஷினை நிறுத்தி, தண்ணீரை வடித்து, சேற்றை அலசித் தேடினார்கள். "அக்கா, வைரமா?" என்று ஒருவர் கேட்டார். அமெரிக்கன் டைமண்ட் என்றேன். தேடுகிற வேகம் அப்படியே பாதியானது. தங்கம் தங்கம்தானே தம்பி என்று நான் கத்த வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. எந்த ஊர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ.

கோத்தகிரி பெரியம்மா:

எல்லோருக்கும் நன்றி. கூடலூர் தம்பி சொன்னதற்கு முன்னாலேயே விஷயம் முற்றிவிட்டது. தாய்மாமா நேற்று ராத்திரி போன் செய்தார். அவர் மகளுக்கும் வரன் அமைகிறதாம். "இந்த விலைக்கு இந்த மாதிரிக் கல்லு நானே பார்த்ததில்லை, எங்க எடுத்தீங்க?" என்று கேட்கிறார். விலையை யாரோ சொல்லியிருக்கிறார்கள், கல்லின் பேரைச் சொல்லாமல்! தங்கை அழுகிறாள். சம்பந்தியம்மா, "நானே பேசிக்கிறேன், நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்கிறார். மாப்பிள்ளை சிரிக்கிறார். நான் பில்லைப் படம் எடுத்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அதில் மொய்சனைட் என்று தெளிவாக அடித்திருக்கிறது. இனி சம்பந்தியம்மாவும் அவர் அண்ணனும் பேசிக்கொள்ளட்டும்.

வெலிங்டன் ரிட்டயர்டு:

சரியான காரியம். மின்சார டெஸ்டர் ஒன்றும் வாங்கச் சொல்லுங்கள் அவரை.

கொடை மூக்குத்தி:

கூடலூர்க்காரர் ஊதிப் பார்க்கச் சொன்னாரே, அதை எங்கள் ஊரில் டிசம்பரில் செய்து பாருங்கள். ஜன்னல் பனிக்கும், மூக்குக் கண்ணாடி பனிக்கும், வைரமும் பனிக்கும். எது முதலில் மறைந்தது என்று யார் நின்று பார்ப்பது? மொய்சனைட்டிலும் ஈரம் சட்டென்று மறையுமே, அதை எப்படிப் பிரிப்பார்?

எனக்கு நடந்தது வெள்ளை டோபாஸில். ஒற்றைக்கல் மோதிரம். மோஸ் 8 என்று சொல்லி விற்றார்கள், 8 என்பது நிஜம்தான். ஆனால் டோபாஸ் ஒரு திசையில் பிளக்கிற கல், விறகு வாகு பார்த்துப் பிளக்குமே அப்படி. அதைச் சொல்லவில்லை. பெருமாள்மலையில் பஸ் இறங்கும்போது கதவுக் கம்பியில் கை இடித்தது. பெரிய இடியும் இல்லை. கீழே இறங்கிப் பார்த்தால் கல்லின் மேல்பாதி இல்லை. வெட்டியதுபோல் மட்டமாக, பளபளவென்று ஒரு தரை மட்டும் இருந்தது. உடைந்த இடம் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை, அதுதான் எரிச்சல். கடையில் கேட்டதற்கு, "கல்லுக்கு கேரண்டி இல்லைம்மா" என்றார்கள்.

இங்கே இன்னொரு தொல்லை ஸ்வெட்டர். ஓபன் செட்டிங்கில் கல்லைப் பிடிக்கிற கம்பிக் கால்கள் கம்பளி நூலில் மாட்டும். ஒவ்வொரு முறையும் கால் ஒரு நூல் தூக்கும், கடைசியில் கல் ஆடும். விளிம்பு முழுக்கத் தங்கம் சுற்றிக் கட்டியது மாட்டாது. ஆனால் அடைத்துக் கட்டினால், வெள்ளைக் கல்லில் பின்னால் அழுக்கு சேர்ந்து மங்கும். ஏதாவது ஒன்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூக்குத்திக்கு இனி டோபாஸ் கிடையாது, மொய்சனைட்டுக்குக் கையில் காசு இல்லை, அமெரிக்கன் டைமண்டே போதும்.

பூம்பாறை அக்கா, அந்த வத்தலக்குண்டு பத்தர் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம்? ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பாரா?