மின்ட் நிறுவியாகிவிட்டது, வைஃபை மட்டும் காணவில்லை

இலைக்கணக்கு, கீழ் கோத்தகிரி:

வணக்கம். எங்களுக்குச் சிறு தேயிலைத் தோட்டம். தினமும் எத்தனை கிலோ இலை எடுத்தோம், தொழிற்சாலையில் எவ்வளவு கழித்தார்கள், யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கெல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில்தான் இருக்கிறது. 2014இல் விண்டோஸ் 8 உடன் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம். பிறகு விண்டோஸ் 10க்கு மாற்றினோம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லை. ஓடுகிற மாட்டை எதற்கு விற்பது என்று, மகள் சொன்னபடி லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன்.

எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல். ஏறத்தாழ 3 ஜிபி கோப்பை அங்கே இறக்க முடியாது. மேட்டுப்பாளையத்திலிருக்கும் சித்தி மகன் மின்ட் 22.1, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, பஸ்ஸில் வந்த ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பினான். நிறுவியதில் எந்தச் சிக்கலும் இல்லை. திரை, ஒலி, டச்பேட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றன. வைஃபை மட்டும் இல்லை. இணைப்புகளின் பட்டியல் காலி என்று சொல்லவில்லை. வைஃபை என்ற சொல்லே மெனுவில் வருவதில்லை. முன்பு விண்டோஸில், ஜன்னலில் வைத்த கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு தினமும் இணைத்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன செய்யலாம்?

உருளைக்கிழங்கு, ஊட்டி:

அம்மா, இந்தப் பருவமழை ஈரத்தில் எதுவும் கெட்டுப்போகும். முதலில் விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசையை அழுத்திப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள். என் பழைய கணினியில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மலைப்பூண்டு, பூம்பாறை:

அக்கா, டாங்கிளுக்கான பணத்தைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள். டாங்கிளிலும் சில மாதிரிகளுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், தேடி அலைய வேண்டும். ஒரு தலைவலிக்கு இரண்டாகிவிடும்.

ஊட்டி ஐயா சொன்ன விசை காரணமாக இருந்தால் மெனுவில் வைஃபை அணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டும். சொல்லே இல்லையென்றால், அந்த சிப்புக்கான டிரைவர் ஏறவில்லை என்று பொருள். விண்டோஸில் ஓடியதால் சிப் கெடவில்லை என்றே நினைக்கிறேன். கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, அதை ஒட்டி ஆங்கில "என்" எழுத்து இரண்டு முறை. வரும் பட்டியலில் நெட்வொர்க் என்ற சொல் இருக்கும் வரியை அப்படியே எழுதுங்கள். சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்தான் முக்கியம். அட்டையில் ஒட்டிய பெயரை நம்பாதீர்கள். ஒரே மாதிரி மடிக்கணினியில் ஆளுக்கொரு வைஃபை சிப் இருக்கும்.

இலைக்கணக்கு, கீழ் கோத்தகிரி:

விமான விசையால் பயனில்லை. வரி இதுதான்: பிராட்காம் பிசிஎம்43142, அடைப்புக்குள் 14இ4:4365. இ என்றிருப்பது ஆங்கில எழுத்து.

மலைப்பூண்டு, பூம்பாறை:

எதிர்பார்த்ததுதான். இந்த சிப்புக்கு டபிள்யூஎல் என்ற டிரைவர் வேண்டும். அதன் மூலநிரல் முழுவதும் திறந்ததல்ல, அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து வராது. 4727 என்று முடியும் பிசிஎம்4313 சிப்பாக இருந்தால் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, நீங்கள் இங்கே வந்திருக்கவே வேண்டாம்.

நல்ல செய்தி: நிறுவிய பென்டிரைவிலேயே அந்த டிரைவர் இருக்கிறது. அதைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறங்கள். இணையம் இல்லை என்று தெரிந்ததும், பென்டிரைவைப் பயன்படுத்தட்டுமா என்று அதுவே கேட்கும். பிராட்காம் வரியைத் தேர்ந்து நிறுவி, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

இலைக்கணக்கு, கீழ் கோத்தகிரி:

தம்பி, வேலைதான் முடிந்துவிட்டதே என்று பென்டிரைவை அழித்துவிட்டேன். மழையில் ஊறிய பழைய கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் போட்டு வைத்திருக்கிறேன். மறுபடியும் மேட்டுப்பாளையத்துக்குச் சொல்லியனுப்பவா?

மலைப்பூண்டு, பூம்பாறை:

வேண்டாம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் மடிக்கணினியோடு இணையுங்கள். கைபேசி அமைப்பில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் யுஎஸ்பி டெதரிங் என்று இருக்கும், அதை இயக்குங்கள். இதற்கு வைஃபை டிரைவர் தேவையில்லை. கணினி அதைக் கம்பி இணைப்பாகவே பார்க்கும். டிரைவர் சின்னக் கோப்புதான், உங்கள் ஜன்னல் சிக்னல் தாங்கும்.

இலைக்கணக்கு, கீழ் கோத்தகிரி:

டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தது, அழுத்த முடியவில்லை. அரை நாள் போனது. மகளிடம் போனில் கேட்டால், "அம்மா, அது சந்தையில் வாங்கிய கேபிள்தானே?" என்றாள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளாம், தகவல் போக உள்ளே கம்பியே கிடையாதாம். கைபேசியோடு வந்த பழைய கேபிளைத் தேடி எடுத்துச் செருகியதும் இணையம் வந்தது. சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து, டிரைவர் மேனேஜரில் பிராட்காமை நிறுவினேன். நடுவில் ஏதோ கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தேன்.

மறுபடி தொடங்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. வைரஸோ என்று பயந்து, முதலில் இருந்த கன்டினியூ பூட்டை அழுத்திவிட்டேன். இப்போதும் வைஃபை இல்லை. டிரைவர் மேனேஜரில் மட்டும் நிறுவப்பட்டதாகக் காட்டுகிறது.

உருளைக்கிழங்கு, ஊட்டி:

பயாஸுக்குள், அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரைக்குள் போய், முத்திரையில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் அம்மா. ஒரே நிமிட வேலை.

மலைப்பூண்டு, பூம்பாறை:

ஐயா சொல்வதும் சரிதான், அணைத்தாலும் வைஃபை ஓடும். ஆனால் சில பயாஸில் அதற்கென ஒரு கடவுச்சொல் வைத்தால்தான் அந்த வரியையே மாற்றவிடும். வைத்துவிட்டு மறந்துபோனவர்களின் கணினி என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் அந்த வழிக்குப் போவதில்லை.

அக்கா, அந்த நீலத்திரை வைரஸ் இல்லை, உங்களிடம் கையெழுத்துக் கேட்டது. உங்கள் மடிக்கணினியில் செக்யூர் பூட் இயங்குகிறது. டபிள்யூஎல் டிரைவர் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட்டு, அங்கேயே உருவான ஒரு சாவியால் முத்திரையிடப்படுகிறது. அந்தச் சாவி உங்களுடையதுதான் என்று விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருமுறை உறுதி சொல்ல வேண்டும். சொல்லாமல் கடந்துவிட்டதால் கெர்னல் டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மறுபடி கேட்க வைக்கலாம். டெர்மினலில் சூடோ, இடைவெளி, மோக்யூடில், இடைவெளி, இரண்டு சிறு கோடு ஒட்டி இம்போர்ட், இடைவெளி. பிறகு /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/எம்ஓகே.டெர். மோக் என்ற அடைவின் பெயர் சிறிய எழுத்து. கடைசியில் எம்ஓகே மூன்றும் பெரிய எழுத்து, டெர் சிறிய எழுத்து. புதிதாக ஒரு கடவுச்சொல் கேட்கும். எட்டு எண்களாக வைத்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பதற வேண்டாம்.

மறுபடி தொடங்கும்போது நீலத்திரை பத்து நொடிதான் காத்திருக்கும், அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். கன்டினியூ பூட்டைத் தொடாமல் என்ரோல் எம்ஓகே, பிறகு கன்டினியூ, யெஸ், அந்த எட்டு எண்கள், கடைசியாக ரீபூட். அடுப்பில் பால் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

இலைக்கணக்கு, கீழ் கோத்தகிரி:

முதல் முறை மோக் அடைவையும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டேன், அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. இரண்டாம் முறை சரியாக ஏறியது. நீலத்திரையில் நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். இப்போது மூலையில் விசிறி போன்ற வைஃபை குறி தெரிகிறது! கைபேசியின் ஹாட்ஸ்பாட் பெயர் வந்தது, இணைந்துவிட்டது. முன் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்து நடக்குமா?

மலைப்பூண்டு, பூம்பாறை:

நடக்காது. புதிய கெர்னலுக்கு டிரைவர் தானாகவே மறுபடி தொகுக்கப்படும், அதே சாவிதான், நீலத்திரை வராது. ஒன்று மட்டும்: அப்டேட் மேனேஜரில் கெர்னல் பட்டியலைத் திறந்து புதிய வரிசைக்கு ஆசைப்பட்டுத் தாவாதீர்கள். டபிள்யூஎல் சில சமயம் புதிய வரிசையில் தொகுக்க முடியாமல் நின்றுவிடும். அப்படி ஆனால் தொடங்கும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். சித்தி மகன் அடுத்த முறை மலையேறும்போது மின்டை இன்னொரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கணக்கு நோட்டுப் படங்கள் இருக்கும் பென்டிரைவை அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.