சைரன் முதலில் வருமா, குண்டு முதலில் வருமா?

கார்கிவ் ரிட்டர்ன், மதுரை

உக்ரைனுக்கு ஹைமார்ஸ் ராக்கெட் வண்டி போய்ச் சேர்ந்தது, பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு போய்ச் சேர்ந்தது, எஃப்-16 போர் விமானம் போய்ச் சேர்ந்ததுன்னு செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு விமானத்தோட வால்தான் ஞாபகம் வரும். 2022 மார்ச் முதல் வாரம், ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்த புதுசு. கார்கிவ்ல நான் நாலாம் வருஷம் மெடிசின். ஹாஸ்டல் பங்கர்ல ஆறு நாள், அப்புறம் லிவிவ் வரைக்கும் ரயில்ல நின்னுக்கிட்டே, அங்கேருந்து போலந்து எல்லை. ரெஸ்ஸோ ஏர்போர்ட்ல நம்ம விமானப்படையோட சி-17 சரக்கு விமானம் நின்னுச்சு. ஊர்லேருந்து கம்பளியும் நிவாரணச் சாமானும் ஏத்திட்டு வந்து, எங்களை அள்ளிட்டுப் போக வந்த விமானம். கொஞ்சம் தள்ளி அதே ரகம், அதே சாம்பல் நிறம், அமெரிக்காவோடது. அதுலேருந்து என்ன இறங்குச்சுன்னு தெரியாது, தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு. ஆனா எந்த ரோட்டுல போகும்னு தெரியும். நாங்க வந்த ரோடுதான். பக்கத்துல நின்ன நாமக்கல் பையன், அவங்க அப்பா லாரி வெச்சிருக்கார், "நாம ரிட்டர்ன் லோடுடா"ன்னான். யாரும் சிரிக்கல.

எங்க ஹாஸ்டல் வார்டன் அம்மா இன்னும் கார்கிவ்ல சால்டிவ்கா பகுதியிலதான் இருக்காங்க. டெலிகிராம்ல வாய்ஸ் அனுப்புவாங்க. கார்கிவ் ரஷ்ய எல்லையிலேருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவோட பெல்கொரோத் பக்கமிருந்து எஸ்-300 ஏவுகணை விட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள வந்து விழுந்துடும். பல ராத்திரி குண்டு வெடிச்ச பிறகுதான் சைரன் ஊதும், நம்ம சினிமா போலீஸ் மாதிரி. 2024 மே கடைசியில, அமெரிக்க ஆயுதத்தால எல்லைக்கு அந்தப் பக்கமும் அடிக்கலாம்னு வாஷிங்டன் ஒத்துக்கிச்சு. எஸ்-300 குறைஞ்சுது. ஜூன்ல ஒரு வாய்ஸ்: "இப்ப ராத்திரி நைட்டி மாத்திட்டுப் படுக்குறேன்." அதுவரைக்கும் கோட்டு, சாக்ஸோடதான் தூங்கியிருக்காங்க. இறக்கை வெச்சு மிதந்து வர்ற கிளைடு பாம் மட்டும் நிக்கல. அதைப் போடுற விமானம் வெகு தூரத்துலேயே திரும்பிடுது.

நீங்கள்லாம் இந்தப் போரை எங்கேருந்து, எப்படிப் பார்த்தீங்க? எழுதுங்க.

ஓய்வு ஹவில்தார், வேலூர்

தம்பி, நான் பீரங்கிப்படையில 22 வருஷம். கார்கில்ல போஃபர்ஸ். டிவியில எல்லாரும் பீரங்கி பேரை அழகாச் சொல்றான், குண்டு எத்தனைன்னு எவனும் கேக்கல. 155 மி.மீ. குண்டு ஒண்ணு ஏறக்குறைய 45 கிலோ, சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. அதைத் தூக்கித் தூக்கிப் போட்ட முதுகு இன்னிக்கும் மழைக்காலத்துல பேசும்.

உக்ரைனுக்குப் பீரங்கின்னா, அமெரிக்காவோட எம்777, ஜெர்மனியோட பன்சர்ஹவுபிட்சே, பிரான்ஸோட சீசர், போலந்தோட கிராப்னு போச்சு. எல்லாம் 155தான். ஆனா ஒண்ணோட ஸ்பேர் இன்னொண்ணுக்குச் சேராது. மெக்கானிக் ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் படிக்கணும். சுடச் சுடக் குழாய் தேயும். தேஞ்ச குழாயில குறி விலகும், அதை மாத்துற வரைக்கும் பீரங்கி வெறும் காட்சிப் பொருள். குண்டும் வேணுமே! 2023-24 குளிர்காலத்துல அமெரிக்க நாடாளுமன்றத்துல உதவி மசோதா மாசக்கணக்கா இழுத்துக்கிட்டே கிடந்தது. பிப்ரவரி 17 உக்ரைன் படை அவ்தீவ்கா ஊரைக் கைவிட்டுச்சு. மசோதா கையெழுத்தானது ஏப்ரல் 24. பந்தி முடிஞ்சு இலை வந்த கணக்கு.

உக்ரைனுக்குப் போன ஜெர்மன் லெப்பர்டு டாங்கி கண்ணிவெடியில சிக்கின 2023 ஜூன் படத்தைப் பார்த்துட்டு டாங்கியைத் திட்டினவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். தலைக்கு மேல விமானத் துணை இல்லாம அவ்வளவு ஆழமான கண்ணிவெடிப் பட்டைக்குள்ள எந்த டாங்கியை விட்டாலும் அதே கதைதான்.

டார்ட்முண்ட் தமிழன்

சாயங்கால ஜெர்மன் வகுப்புல என் பக்கத்து நாற்காலி அக்கா உக்ரைனோட கெர்சோன் ஊர்க்காரங்க. அவங்க அம்மா அங்கேயே ரஷ்ய ஆக்கிரமிப்புல மாட்டிக்கிட்டாங்க. 2022 ஜூலையில உக்ரைன் படை ஹைமார்ஸால அந்த ஊர் அந்தோனிவ்கா பாலத்தை அடிக்க ஆரம்பிச்சுது. நீப்பர் ஆத்து மேல ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். பாலம் விழல, தளத்துல வரிசையா ஓட்டை விழுந்துச்சு. கனரக வண்டி போக முடியாம ரஷ்யப் படை மிதவையில சாமான் கடத்துச்சு. டீ இடைவேளையில இந்த அக்கா போன்ல அந்தப் படத்தைப் பெருசாக்கி ஓட்டையை எண்ணுவாங்க. ஒருநாள் சொன்னாங்க: "கல்யாணம் முடிஞ்சு இந்தப் பாலத்துலதான் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தோம். இப்ப ஓட்டை பத்தலையேன்னு இருக்கு."

நவம்பர் 11 ஊர் மீண்டது. பாலத்தை உடைச்சுப் போட்டது கடைசியில பின்வாங்கின ரஷ்யப் படைதான். அடுத்த வகுப்புக்கு அக்கா தர்பூசணித் துண்டு மாதிரி கம்மல் போட்டுட்டு வந்தாங்க. அவங்க ஊர் தர்பூசணிக்குப் பேர்போனது, எங்களுக்கு அப்பத்தான் தெரியும். அம்மா இப்பவும் அங்கதான். ரஷ்யப் படை இருக்குற அக்கரையிலேருந்து டிரோன் வருதாம், கடைக்குப் போறதுக்கே வானத்தைப் பார்த்துட்டுத்தான் கதவைத் திறக்குறாங்களாம்.

வன்னி – ஸ்காபரோ

தம்பி, நீர் லிவிவ் எண்டு எழுதினது என்னை அதிலையே நிப்பாட்டிப் போட்டுது. 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு ராணுவ முகாம் புலியளிட்டை விழுந்த கையோடை இலங்கை வான்படை மிக்-27 குண்டுவீச்சு விமானம் வாங்கினது உக்ரைனிட்டைத்தான், லிவிவிலை இருந்து. எங்களுக்குக் கிபிர் விமானச் சத்தம் வேறை, மிக் சத்தம் வேறை. சின்னப் பிள்ளையளே கேட்டவுடனை சொல்லுங்கள். அதாலை அங்கை ஆயுதம் போய்ச் சேருது எண்டு எல்லாரும் சந்தோசப்படேக்கை எனக்கு வாய் திறக்க வராது. வேண்டாம் எண்டு சொல்லவும் வராது, ஏனெண்டால் குண்டு விழுற பக்கத்திலை இருந்தவன் நான்.

கார்கிவ் மெட்ரோ நிலையத்துக்குள்ளை வகுப்பு நடக்கிற படம் பாத்தனான். எங்கடை பள்ளிக்கூடத்திலை பங்கர் வெட்டினது நாங்கள்தான். எல் எழுத்து மாதிரி வளைச்சு வெட்டி, மேலை தென்னங்குத்தி அடுக்கி, மண் மூட்டை போட்டு. ரெண்டு வாசல் வைக்கோணும், ஒண்டு மூடினால் மற்றதாலை வரலாம். உங்கடை ஹாஸ்டல் பங்கருக்கு எத்தினை வாசல்?

கார்கிவ் ரிட்டர்ன், மதுரை

ரெண்டு இருந்துச்சு அண்ணா. ரெண்டாவது வாசல்ல பழைய இரும்புக் கட்டில் அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆறு நாளும் அதுல ஈரத்துணி காயப்போட்டோம்.