25 வாட் கிளாஸ் ஏ அம்பிளிபயர்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இது தேவையா?

கோண்டாவில் கேட்போன்:

பாஸ் லாப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் எக்ஸ்ஏ25 பவர் அம்பிளிபயரை வாங்கி ஒரு மாரியும் ஒரு கோடையும் பாவித்தாயிற்று. அதைப் பற்றித் தனிமடலில் விசாரித்தவர்கள் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நெல்சன் பாஸ் வடிவமைத்த இக்கருவி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட்டும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்டும் தரும் என்று குறிக்கப்பட்டது. வெளியீட்டுப் பகுதியில் ஒரு பக்கத்துக்கு மொஸ்பெற் என்னும் ட்ரான்சிஸ்டர் ஒரு சோடி மட்டுமே உண்டு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் 240 வாட் மின்சாரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், ஏனெனில் கிளாஸ் ஏ முறையில் அந்த மொஸ்பெற்றுகளுக்கு ஓய்வு என்பதே இல்லை. வெளிவந்தபோது ஐயாயிரம் டொலருக்குச் சற்றுக் குறைந்த விலை. டொலர் 300 ரூபாய்ப் பக்கம் நிற்கும் காலத்தில் அது ஏறத்தாழ 15 இலட்சம், தீர்வையும் கப்பற்கூலியும் வேறு. நான் லண்டனில் உள்ள மைத்துனர் மூலம் பாவித்த ஒன்றை எடுத்தேன்.

முன்பு என்னிடம் இருந்தது 100 வாட் தரும் கிளாஸ் ஏபி வகை அம்பிளிபயர்; அதில் ட்ரான்சிஸ்டர் சோடியின் இரு பாதிகளும் முறை வைத்து வேலை செய்யும். ஸ்பீக்கரை மாற்றவில்லை, 88 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் கேட்கும் அளவு) கொண்ட அதே சோடிதான். வேறுபாடு பெரிய சத்தத்தில் அல்ல, சிறிய சத்தத்தில்தான் முதலில் தெரிந்தது. வீணையில் ஒரு சுரத்தை இழுத்து விட்ட பின் தந்தி அடங்கிக்கொண்டு போகும் கடைசிப் பகுதி முன்பு ஓரிடத்தில் சட்டென்று இல்லாமற் போய்விடும். இப்போது அதன் முடிவு வரை செவி கூடவே போக முடிகிறது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவில் எவ்வளவு தேய்ந்த பதிவுகளில் எஞ்சியிருக்கிறது என்பது இங்குள்ளோருக்குத் தெரியும். அந்தப் பதிவுகளிலும் தவிலின் ஒரு பக்கமான தொப்பியில் விழும் கழியின் அடியும் மறுபக்கமான வலந்தலையில் விழும் விரற்கூட்டின் அடியும் குழம்பாமல் தனித்தனியே கேட்கின்றன. 15 இலட்சத்துக்கு இது போதுமா என்று கேட்டால், எனக்குப் போதும்.

சுன்னாகம் திருத்துநன்:

கேட்போன் அண்ணா, வாங்கிய பொருளில் நீங்கள் மகிழ்வதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி வங்கிக் கடன் எடுத்துவிடக்கூடாது என்பதால் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

எக்ஸ்ஏ25இன் மின்னழுத்தப் பெருக்கம் 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு. ஏபி வகைகள் பெரும்பாலும் 26 முதல் 29 டெசிபெல் வரை பெருக்குபவை. ஆகவே முன்னைய அம்பிளிபயர் இருந்த இடத்தில் இதை வைத்து, சத்தம் கூட்டும் திருகியைத் தொடாமல் விட்டால், வெளிவரும் மின்னழுத்தம் பாதியாகவோ அதிலும் குறைவாகவோ இருக்கும். திருகியைக் கூட்டிச் செவியால் சமப்படுத்தினேன் என்பீர்கள். செவியால் சமப்படுத்துபவர் ஒரு டெசிபெல் கூடவோ குறையவோ நிறுத்துவது வழமை; அரை டெசிபெல் கூடியதை மனிதர் ‘சத்தம் கூடியது’ என்று உணர்வதில்லை, ‘தெளிவு கூடியது’ என்றே உணர்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமப்படுத்தினீர்கள்?

அடுத்தது மின்பட்டியல். 240 வாட்டை இரவுக்கு நான்கு மணி நேரம் ஓடவிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு. அலகு ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறும் நம் நாட்டில் அந்த 29 அலகும் உச்சப் படியிலேயே போய் விழும். ட்ரான்சிஸ்டரை மிக வேகமாகத் திறந்து மூடும் கிளாஸ் டி வகையில் புரூனோ புட்சேஸ் போன்ற பொறியாளர்கள் வடிவமைத்த பெருக்கிகள் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரத்தை ஸ்பீக்கருக்கே அனுப்புகின்றன. சும்மா இருக்கும்போது அவற்றுக்குச் சில வாட் போதும். அளந்து பார்த்தால் அவற்றின் ஒலிச்சிதைவு உங்கள் கருவியினுடையதை விடக் குறைவு.

மூன்றாவது, தவிலின் பலத்த அடிகளுக்கு 25 வாட் எப்படிப் போதும்? அதை நீங்களே விளக்கினால் நல்லது.

கோண்டாவில் கேட்போன்:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் கணக்கில் தீரக்கூடியது. 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 25 வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 102 டெசிபெல். நான் இருப்பது மூன்று மீற்றர் தள்ளி. சுவர்கள் திருப்பி அனுப்புவதையும் இரண்டாவது ஸ்பீக்கரையும் கணக்கிட்டால் இருக்கையில் 98 டெசிபெல் அளவில் உச்சம் கிடைக்கும். சராசரி 80இல் கேட்கிறேன் என்றால் தவிலின் அடிக்கு அதற்கு மேல் 18 டெசிபெல் இடமிருக்கிறது. மேலும், கிளாஸ் ஏ எல்லையைத் தாண்டியவுடன் இக்கருவி நின்றுவிடுவதில்லை, ஏபி முறையில் தொடர்ந்து கொடுக்கும். கோயில் வீதியில் நின்று கேட்கும் தவிலை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை; அயல் வீட்டாருக்கும் இராது.

சமப்படுத்தியது செவியால்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பழைய அம்பிளிபயரைச் சற்றுக் கூட்டி வைத்தும் கேட்டேன், குறைத்து வைத்தும் கேட்டேன். வீணையின் அந்தக் கடைசிப் பகுதி எந்த நிலையிலும் அதே இடத்தில்தான் அறுந்தது. இதற்குக் காரணம் உண்டு. ஏபி வகையில் ட்ரான்சிஸ்டர் சோடியின் ஒரு பாதி மற்றப் பாதியிடம் வேலையைக் கையளிக்கும் இடம், மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்கு அருகே வருகிறது. சிறிய ஒலிகள் வாழ்வதும் அங்கேதான். கிளாஸ் ஏயில் அந்தக் கையளிப்பே கிடையாது. கிளாஸ் டிக்குச் சிதைவு குறைவு என்று நீங்கள் சொல்லும் அளவீடுகள் பெரும்பாலும் கூடிய வாட்டில் அளக்கப்பட்டவை. நான் கேட்பது ஒரு வாட்டிலும் அதற்குக் கீழேயும்.

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான்:

இடையில் ஒரு சொல். இங்கிருந்து ஊருக்கு அம்பிளிபயர் கொண்டுவர எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது, கனடாவில் விற்பது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஊரில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்னழுத்தத்தைக் குறைக்கப் பெட்டி வாங்கலாம், ஆனால் அந்தப் பெட்டி ஹேர்ட்ஸை மாற்றாது. 60க்கு மட்டுமே கணக்கிட்டுச் செய்த ட்ரான்ஸ்போமரின் இரும்பில் 50இல் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கூடுதலாகச் சூடாகும், சில வேளை உறுமும். கேட்போன் அண்ணா லண்டனில் எடுத்தது அறிவுடைமை.

விவாதத்துக்கு வருகிறேன். 1985இல் பொப் கார்வர் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்ரீரியோபைல் என்னும் ஒலிக்கருவிச் சஞ்சிகையார் தெரிவுசெய்த விலையுயர்ந்த வால்வு அம்பிளிபயர் ஒன்றின் ஒலியைத் தமது மலிவான ட்ரான்சிஸ்டர் கருவியில் அப்படியே கொண்டுவந்து காட்டுவதாகச் சவால் விட்டு, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ இல்லாமற் போகும்வரை தம்முடையதைத் திருத்தினார். பிறகு கேட்டவர்களால் வேறுபாடு காண முடியவில்லை. விலையில் ஒலி இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோண்டாவில் கேட்போன்:

தம்பி, அந்தக் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கார்வர் திருத்த வேண்டியிருந்தது என்பதே, திருத்துமுன் இரண்டும் ஒரேமாதிரி ஒலிக்கவில்லை என்பதற்குச் சான்று. அம்பிளிபயர்கள் எல்லாம் ஒன்று என்றால் அவர் எதைத் திருத்தினார்?

சுன்னாகம் திருத்துநன்:

நல்ல கேள்வி, ஆனால் அதன் விடை உங்கள் பக்கம் சாயவில்லை. வால்வு அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடை கூடியது; ஸ்பீக்கரின் தடையோ ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்குவது. இரண்டும் சேரும்போது சில சுருதிகள் தூக்கியும் சில தாழ்ந்தும் கேட்கும், மெல்லிய தொனித்திருத்தி (ஈக்குவலைசர்) ஒன்றைப் பூட்டியது போல. கார்வர் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றினார். உங்களுடைய பழையதும் புதியதும் இரண்டுமே ட்ரான்சிஸ்டர் வகை. இரண்டின் வெளியீட்டுத் தடையும் உங்கள் ஸ்பீக்கர் வயரின் தடையளவுக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே அந்த விளக்கம் இங்கே செல்லாது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர் பல ஆண்டுகளாக 10,000 டொலர் பந்தயம் வைத்திருந்தார். ஒலியளவைச் சமப்படுத்தி, எந்தக் கருவியையும் அதன் எல்லைக்கு மேல் தள்ளாமல், கண்ணால் பார்க்காமல், இரண்டு அம்பிளிபயர்களை வேறுபிரித்துக் காட்ட வேண்டும். பலர் முயன்றார்கள், பணம் அவரிடமே இருந்தது. தொனி வேறுபாட்டை நீக்கவும் அவர் விதியில் இடமிருந்தது என்பதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வேறுபாடு தொனி அல்லவே; அடங்கும் ஒலியின் நுட்பம் அல்லவா? அதை எந்தத் தொனித்திருத்தியாலும் நீக்க முடியாது. அது உண்மையில் அங்கே இருந்திருந்தால் யாராவது ஒருவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

இணுவில் மாணாக்கி:

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள், மின்னியல் அறியேன். ஆனால் இவ்வளவு எழுதிய பின்னும் அறையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. சீமெந்துத் தரை, பூசிய வெறுஞ்சுவர், உயர்ந்த கூரை, எதிரெதிரே கதவு. இதுதான் நம் வீடுகளின் மண்டபம். அதில் கையைத் தட்டினால் ஓசை இரண்டு தரம் திரும்பி வரும். என் மாணவர் ஒருவர் அறையின் பின்சுவரில் பழைய தும்பு மெத்தை இரண்டைச் சார்த்தி வைத்தார்; அதற்குப் பிறகு அதே மலிவான ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் சொற்கட்டுகளைப் பிரித்து எழுத முடிந்தது. அதற்கு ஆன செலவு மெத்தையைச் சுமந்து வந்த களைப்பு மட்டுமே.

இன்னொன்று, மின்விசிறி. கேட்போன் ஐயா புகழும் இடம் மிகச் சிறிய ஒலிகள். 240 வாட் வெப்பத்தை விடும் பெட்டியோடு சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரே அறையில் இருக்க வேண்டுமானால் மின்விசிறியைப் போட்டே ஆக வேண்டும். விசிறி சுழலும் அறையில் 40 டெசிபெல்லுக்குக் கீழே எதைக் கேட்கப் போகிறீர்கள்? உங்கள் கருவி தரும் நுட்பத்தை, உங்கள் கருவி தரும் வெக்கையே அழித்துவிடுகிறதே.

கோண்டாவில் கேட்போன்:

ரீச்சர், இந்த விவாதத்தில் என்னைத் தொட்ட எதிர்வாதம் இது ஒன்றுதான். ஆயினும் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் கேட்பது இரவு பத்து மணிக்குப் பின், விசிறியை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து விட்டு. கார்த்திகை தொடங்கி மாசி வரை அது துன்பமே இல்லை. கோடையில் அரை மணி நேரம் கேட்டு எழுந்துவிடுகிறேன். நல்ல சங்கீதத்துக்கு அது குறையன்று. தரையில் பெரிய பனையோலைப் பாயும் அதன் மேல் தடித்த விரிப்பும் கிடக்கின்றன, பின்சுவர் முழுவதும் புத்தக அலுமாரி. மெத்தை சார்த்த மனைவி விடமாட்டாள்.

மின்பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நான். மாதம் 29 அலகைப் பாட்டுக்காகச் செலவிடுவது எனக்கு வீண் என்று தோன்றவில்லை. வீண் என்று தோன்றுபவர்கள் வாங்க வேண்டியதில்லை.

சுன்னாகம் திருத்துநன்:

அண்ணா, டைனமோவை நானும் சுழற்றியிருக்கிறேன், அதனால்தான் எனக்கு ஒவ்வொரு வாட்டும் கண்ணில் படுகிறது.

வெப்பத்தைச் செலவாக மட்டும் பார்க்காதீர்கள், ஆயுளாகவும் பாருங்கள். மின்வழங்கியில் உள்ள மின்பகு கொள்ளளவிகளின் (கப்பாசிட்டர்களின்) ஆயுள், சுற்றுவெப்பம் 10 பாகை ஏற ஏறப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. குளிர்நாட்டில் 22 பாகை அறையில் நிற்கும் அதே பெட்டி இங்கே 32 பாகையில் நிற்கிறது. மேலும் உங்கள் ஊருக்கு அருகே உப்புக்காற்று இல்லாவிட்டாலும் மாரியின் ஈரம் உண்டு. கருவிக்கு மேலேயும் பக்கத்திலேயும் ஒரு சாண் இடமாவது விடுங்கள், அலுமாரிக்குள் வைக்காதீர்கள், வெப்பத்தகட்டில் கையை வைத்துப் பத்து விநாடி தாங்க முடியாத நாளில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வியைத் தீர்க்க வழி இருக்கிறது. கிளாஸ் டி பெருக்கி ஒன்றை நான் கொண்டுவருகிறேன். 100 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்ரிமீற்றரால் அளந்து இரண்டையும் சமப்படுத்துவோம். 1,000 ஹேர்ட்ஸ் எடுக்க வேண்டாம், மலிவான மீற்றர்கள் சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேல் தடுமாறும். 0.1 டெசிபெல் என்பது ஒரு வீதத்துக்குச் சற்று மேல், 2.83 வோல்ட்டில் 0.03 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். திரைக்குப் பின்னால் மாற்றுபவர் ரீச்சர். வீணைப் பதிவை நீங்களே தெரிவுசெய்யுங்கள். பதினாறு தடவையில் பன்னிரண்டு தடவை சரியாகச் சொன்னால், தற்செயல் என்று நான் வாதிட மாட்டேன்.

கோண்டாவில் கேட்போன்:

வாருங்கள், தேநீர் உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு தடவையும் பாட்டை முழுமையாகக் கேட்க விட வேண்டும். பத்து விநாடிக்கு ஒருமுறை ஆளியைத் தட்டிக்கொண்டிருந்தால் நான் ஒலியைக் கேட்கமாட்டேன், ஆளியைத்தான் கேட்பேன். மற்றது, என் கருவி ஒரு மணி நேரம் சூடேறிய பிறகே தொடங்க வேண்டும்.

சுன்னாகம் திருத்துநன்:

இரண்டாவதற்கு இணக்கம். முதலாவதற்கு இல்லை. செவியின் நினைவு சில விநாடிக்கு மேல் நுட்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ஒப்பிடுவது ஒலியை அல்ல, அப்போதைய மனநிலையைத்தான். நீங்கள் சொன்ன வீணைத் தந்தி அடங்கும் இடம் இருபது விநாடிக்குள் வரும். அந்த இருபது விநாடியை மட்டும் எத்தனை தரம் வேண்டுமானாலும் திருப்பிக் கேளுங்கள், அவசரப்படுத்தமாட்டேன்.

இணுவில் மாணாக்கி:

எட்டுத் தடவை அவர் முறையிலும் எட்டுத் தடவை இவர் முறையிலும் வைக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எட்டு மிகக் குறைவு என்று திருத்துநன் உடனே எழுதுவார். ஆகவே இரண்டு இரவு வையுங்கள். இரண்டிலும் மின்விசிறி நிறுத்தப்பட வேண்டும். வைகாசியில் என்றால் நான் வரமாட்டேன்.