கடைமடை வயல்களை இறாலுக்குக் குத்தகை விடுமுன்

அன்புள்ள ஊர்ச் சங்க உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

கண்மாய்ப் பாசனத்தின் கடைமடை வயல்களை, நெல் அறுவடைக்குப் பின் உப்புநீர் கட்டி இறால் வளர்க்கக் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்றும், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் சிலர் கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றும் அறிந்தேன்.

கேரளத்தில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிறதே என்று சொல்கிறார்கள். உண்மைதான். எர்ணாகுளம், ஆலப்புழைப் பக்கத்துப் பொக்காளி எனப்படும் உவர்நில நெல் வயல்களில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இறால் வளர்க்கிறார்கள். ஜூனில் பருவமழை இறங்கியதும், கூட்டிவைத்த மண்மேடுகளிலிருந்து உப்பு கழுவப்பட்டு மதகு வழியே காயலுக்கு வடிந்த பிறகே, முளைகட்டிய விதையை இடுகிறார்கள். அந்த உப்பைக் கழுவுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. நமக்குக் கிடைப்பது சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது நம் விதைப்பு முறை. நாம் ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறோம். கோடை முழுவதும் உப்புநீர் நின்ற மண்ணில் விதை கிடந்தால், முதல் தூறல் உப்பை அடித்துச் செல்லாது. கரைத்து, முளையைச் சுற்றியே தேக்கி வைக்கும். நெற்பயிர் உப்புக்கு அதிகம் அஞ்சுவது இளம்பயிரிலும் பூக்கும் தருணத்திலும்தான். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 விழுக்காடு குறையும். கடல்நீரின் மின்கடத்துதிறன் இதே அலகில் ஏறத்தாழ 50.

ஓர் அடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கு நீங்க, ஓர் அடி நீர் அந்த மண்ணுக்குள் இறங்கி வடிய வேண்டும். நம் களிமண்ணில் நீர் எளிதில் இறங்காது. உப்பிலுள்ள சோடியம் மண்ணில் ஏறியபின் மண் துகள்கள் பிரிந்து, துளைகள் அடைபட்டு, அந்தக் கொஞ்ச வடிகாலும் நின்றுவிடும். அப்போது மண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்க ஜிப்சம் இடலாம். ஆனால் அது விடுவிக்கும் சோடியத்தை அடித்துச் செல்லவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

எங்கள் வயலை அடுத்து ஓர் இறால் குட்டை இருக்கிறது. சென்ற விடுமுறையில் பார்த்தபோது, வரப்பிலிருந்து ஐந்தாறு அடி அகலத்துக்கு மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. மிதித்தால் மேல் ஓடு நொறுங்கியது. அதையொட்டி நின்ற நெல்லின் இலைநுனி வெளுத்துச் சுருண்டு கிடந்தது. உப்புநீரைக் கட்டாத வயலுக்கே கசிவினால் இந்தக் கதி. என்னால் அதை மறக்க முடியவில்லை. அந்த வரிசையின் கடைசியில்தான் நம் ஊருணி இருக்கிறது.

விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்றே தீர்ப்பளித்திருக்கிறது. பருவத்துக்கு மட்டும்தானே என்ற பேச்சில் அதை மறந்துவிட வேண்டாம்.

வைகாசியில் ஊருக்கு வருகிறேன். கடைமடையில் ஐந்து இடங்களில் மேல்மண்ணும் ஓர் அடி ஆழத்து மண்ணும் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, புரட்டாசியில் அதே இடங்களில் மறுபடி எடுக்க ஏற்பாடு செய்கிறேன். தங்கள் வயலிலும் மண் எடுக்கலாம் என்போர் சர்வே எண்ணை எழுதுங்கள். இரண்டு முடிவுகளும் வரும் வரை யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.