ஃபூரான் வளர்த்தவர்கள் கண்டதும் பட்டதும்

மாடிக்கொடி:

ஃபூரான்ங்கற ஆர்க்கிட் செடி வச்சிருக்கறவங்க கண்ணால பார்த்ததை ஒரே இடத்துல சேர்த்து வைக்கலாம்னு தோணுச்சு. பழைய பேர் நியோஃபினீசியா ஃபல்காட்டா. 2012-ல அதை வாண்டா பேரினத்துக்குள்ள சேர்த்துட்டாங்க, அதனால இப்ப வாண்டா ஃபல்காட்டா. பழக்கதோஷத்துல பழைய பேரே வாயில வருது, பொறுத்துக்கங்க. வளர்ப்பு முறைப் பட்டியல் வேண்டாம், அது எங்க தேடினாலும் கிடைக்கும். இந்தச் செடி உங்களுக்கு எதையாவது கத்துக்கொடுத்திருக்கும் இல்லையா, அதைச் சொல்லுங்க.

நானே தொடங்கிடறேன். என் செடி வந்து சேர்ந்தப்போ வேரெல்லாம் வெளுத்து, சுண்ணாம்பு தோய்ச்ச நூல் மாதிரி கிடந்துச்சு. உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாமத்தான் ஒரு கிண்ணத் தண்ணியில முக்கினேன். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வெள்ளை மறைஞ்சு பச்சை ஏறுச்சு. எல்லா இடத்துலயும் ஒண்ணா ஏறல. அங்கங்க திட்டுத்திட்டா ஆரம்பிச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். வேருக்கு மேல வெலாமென்னு ஒரு உறை. அது முழுக்கச் செத்த செல்கள், உள்ள வெறும் காத்து. காத்து இருக்கற வரைக்கும் வெள்ளையாத் தெரியும். தண்ணி புகுந்ததும் ஒளி ஊடுருவி, அதுக்கு அடியில இருக்கற பச்சையம் வெளிய தெரியும்.

அன்னையிலேர்ந்து நாள் கணக்கு வச்சுத் தண்ணி ஊத்தறதை விட்டுட்டேன். வேர் வெளுத்தா தண்ணி, பச்சையா இருந்தா சும்மா இருக்கணும். இந்தச் சும்மா இருக்கறதுதான் எனக்கு இன்னிக்கும் கஷ்டம்.

பட்டைவாசி:

நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் மண்ணுக்குப் பதிலாகப் பாசியில் நட்டால், அதற்குள் புதைந்த வேரை எப்படிப் பார்ப்பது? அதற்காகவே என் செடியைச் சொரசொரப்பான மரக்கட்டையில் கட்டினேன். காட்டிலும் இது மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளர்வதுதானே.

கட்டையில் கட்டியதால் ஒரு வேடிக்கையைப் பார்க்கக் கிடைத்தது. புது வேர் தண்டிலிருந்து இலையடியைப் பிளந்துகொண்டு வரும். முதலில் ஒரு பச்சைப் புள்ளி, பிறகு பளபளக்கும் நுனி. அந்தரத்தில் நீளும்வரை உருண்டையாக இருக்கும். கட்டையைத் தொட்டதும் தொட்ட பக்கம் தட்டையாகிவிடும். அந்தப் பக்கத்தில் மட்டும் மெல்லிய மயிரிழைகள் கிளம்பி மரத்தின் சந்துகளைப் பிடித்துக்கொள்ளும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஒருமுறை பிடித்துவிட்டால் அவ்வளவுதான். பிய்த்தால் உறை மரத்தோடு போய்விடும், உள்ளே இருக்கும் நரம்பு மட்டும் கையில் வரும். ஆகவே கட்டையை மாற்றும் எண்ணமிருந்தால் புது வேர் விடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

நுனியின் நிறத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான செடிகளில் பச்சை. சிலவற்றில் பழுப்புச் சாயல், இன்னும் சிலவற்றில் மாணிக்கச் சிவப்பு. சேகரிப்பாளர்கள் பூவைக் கேட்பதற்கு முன்பே நுனி என்ன நிறம் என்று கேட்பார்கள். நுனி வளராமல் வெள்ளை உறை கடைசிவரை மூடிக்கொண்டுவிட்டால் அந்த வேர் ஓய்வுக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் உரம் கொடுப்பது வீண்.

கட்டையில் ஒரு தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. வெயில் காலத்தில் தினமும் நனைக்க வேண்டும், காற்று வறண்டால் இரண்டு வேளை. ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

பாசிமேடு:

தம்பி சொல்வது பாதி சரி. பாசிக்குள் வேர் தெரியாது என்பது பாசியை அடைத்து நடுகிறவர்களுக்குப் பொருந்தும். ஜப்பானியர் நடுவது அப்படியல்ல.

நீளமான ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்துப் பிழிந்து, இழைகளை ஒரே திசையில் வரிசையாக்கி, விரல்கள் மேல் போர்த்தி ஒரு மேடு செய்வார்கள். விரலை உருவினால் உள்ளே பொந்து. அந்த மேட்டின் உச்சியில் செடியை உட்காரவைத்து, வேர்களைச் சுற்றிலும் விரித்துத் தொங்கவிட்டு, மேலே இன்னொரு மெல்லிய பாசிப் போர்வை. இதை வைக்கும் தொட்டிக்கு அடியில் பெரிய துளையும் மூன்று கால்களும் இருக்கும். துளை வழியாக ஏறும் காற்று பொந்துக்குள் போகும். வெளியிலிருந்தும் காயும், உள்ளிருந்தும் காயும். மேடு தொட்டி விளிம்புக்கு மேலே எழும்பி நிற்பதைப் பார்த்து அழகுக்காக என்று நினைக்கிறார்கள். அது முழுக்கக் காற்றுக்கான ஏற்பாடு. பொந்தில்லாமல் பாசியை இறுக்கி அடைத்தால் நடு மட்டும் காயாமல் புளித்துப்போகும், வேர் அங்கேதான் முதலில் அழுகும்.

ஈரம் பார்க்க நான் வேரைத் தேடுவதில்லை. உச்சிப் பாசியைத் தொட்டால் நொறுநொறுவென்று இருக்க வேண்டும், தொட்டியைத் தூக்கினால் கனமே தெரியக் கூடாது. அப்போது முழுக்க நனைப்பேன். பாசி ஒன்றிரண்டு வருடத்தில் வலுவிழக்கும். வசந்தத்தில் வேர் நுனி விழிப்பதற்குச் சற்று முன்னால் மாற்றிவிடுவது நல்லது.

ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) இது சாமுராய்ப் பிரபுக்களின் செடி. 1787 முதல் 1837 வரை ஷோகுனாக, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவராக, இருந்த தோகுகாவா இயேநாரி இதில் மிகுந்த மோகம் கொண்டிருந்தார் என்பார்கள். அரிய செடிகளுக்குத் தங்க வலைக் கூண்டு போட்டு வைத்ததாகவும், மூச்சுக்காற்று படாமலிருக்கப் பார்ப்பவர்கள் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டதாகவும் சொல்லக் கேள்வி. தேர்ந்தெடுத்த இந்த வகைகளுக்கு ஃபுகிரான் என்று தனிப் பெயரே உண்டு. அவற்றை இலையில் ஓடும் வெள்ளை, மஞ்சள் கோடுகளுக்காகவும், இலையின் வளைவுக்காகவும், இலை தண்டோடு சேரும் மூட்டுக்கோட்டின் வடிவத்துக்காகவும் மதிப்பிடுவார்கள். பிறை போன்ற மூட்டு, அலை போன்ற மூட்டு, நேர்கோடு என்று அதில் வகை பிரிப்பு வேறு. பூ அவர்களுக்கு இரண்டாம்பட்சம். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் ரசனை அவரவர் விருப்பம்.

அந்திமல்லி:

பூ இரண்டாம்பட்சமா! ஐயா, இதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல.

பகல்ல என் செடிகிட்ட மூக்கை வச்சாலும் லேசாத்தான் மணக்கும். வெளிச்சம் இறங்கினதும் கதை வேற. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கற செடி உள்ள இருக்கற என்னைக் கூப்பிடும். நல்ல இனிப்பு மணம், அதுல வெனிலா சாயல். வெள்ளைப் பூ, ராத்திரி மணம், பின்னாடி ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைஞ்சு தொங்கற மெல்லிய குழல், அதோட அடியில தேன். எல்லாமே பருந்து அந்துப்பூச்சிக்காகவே அமைஞ்சது. பூவை விளக்குக்கு எதிரே பிடிச்சா குழலுக்குள்ள தேன் எது வரைக்கும் நிக்குதுன்னு தெரியும்.

ஒரு ராத்திரி அந்தப் பூச்சியே வந்துச்சு. உட்காரல. இறக்கை அடிச்சு அந்தரத்துல நின்னபடியே உறிஞ்சுகுழலை நீட்டி, ஒரு பூ, பக்கத்துப் பூ, அடுத்த செடின்னு போயிடுச்சு. மொத்தமே சில நொடிதான். காலையில உருப்பெருக்கி வச்சுப் பார்த்தா ரெண்டு பூவுல மகரந்த மூடி கழண்டிருந்துச்சு, உள்ள இருந்த மஞ்சள் மகரந்த உருண்டைங்களைக் காணோம். ஆர்க்கிட்ல மகரந்தம் தூளா இருக்காது, மொத்தமா உருண்டு பூச்சி மேல ஒட்டிக்கிட்டுப் போயிடும். அடுத்த செடியில ஒரு பூ மட்டும் மத்ததுக்கு முன்னாடியே சுருங்கி, காம்பு தடிக்க ஆரம்பிச்சுது. மத்த பூவெல்லாம் வழக்கம்போல வெள்ளையிலேர்ந்து மஞ்சளாகித்தான் விழுந்துச்சு.

காய் முத்தி வெடிக்கப் பல மாசம் ஆச்சு. உள்ள விதைன்னு சொல்லவே முடியாத தூசி. ஊதினா போயிடும். இதை எப்படியாவது முளைக்க வைக்கலாமா?

பாசிமேடு:

பாசியில் தூவி முளைக்கவைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள் அம்மா. அந்த விதையில் முளைக்கு ஊட்டும் சேமிப்பு உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார்ட் அதை 1899-இல் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமலேயே, சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) கூழில், கிருமி நீக்கிய குடுவைக்குள் முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று விற்பனைக்கு வரும் கன்றுகளில் மிகுதியும் அந்தக் குடுவை வழியில் பிறந்தவைதான். வீட்டில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பூசண வித்து உள்ளே போனாலும் குடுவை முழுக்கப் பாழ். பிழைத்த கன்றும் பூக்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும்.

பட்டைவாசி:

குடுவை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காட்டில் பிடுங்கிய செடியை ‘அசல்’ என்று சொல்லி என்னிடம் ஒருவர் நீட்டினார். வேர்கள் பாதியில் அறுந்திருந்தன, பட்டைத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, இலையில் பழைய பூச்சித் தழும்புகள், தண்டடியில் காய்ந்த லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் படலம்). வாங்கவில்லை. ஜப்பானின் தேசியச் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்துள்ள இனம். தென் கொரியாவில் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை, முதல் வகுப்பு. இப்படிப் பிடுங்கிச் சேகரித்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். எல்லா ஆர்க்கிடுகளும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இணைப்புகளில் வருவதால், அனுமதித் தாள் இல்லாமல் நாடு கடந்து வந்த செடி சட்டப்படியும் சிக்கல். பண்ணையில் வளர்ந்த கன்றின் இலைகள் ஒரே சீராக இருக்கும், வேர் நுனிகள் முழுசாக இருக்கும். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

புதுக்கன்று:

எல்லாரும் பெரிய அனுபவசாலிங்க, நான் சின்னக் கேள்வி கேக்கறேன். குளிர் ஆரம்பிச்சதும் என் செடி இலையில சுருக்கம் விழுந்திருக்கு, கீழ் இலை ஒண்ணு மஞ்சளாகி உதிர்ந்துடுச்சு. தண்ணி அதிகமா ஊத்தணுமா?

பாசிமேடு:

ஊற்றவே ஊற்றாதீர்கள். குளிரில் செடி தானாகவே நீரைக் குறைத்துக்கொள்ளும், இலை கொஞ்சம் சுருங்கும், அது நோயல்ல. நன்றாகத் தேறிய செடி காய்ந்த நிலையில் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் குளிரைத் தாங்கும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து. பாசி காய்ந்து கொஞ்ச நாள் கிடக்கட்டும், பிறகு வெதுவெதுப்பான பகலில் காலையிலேயே லேசாகத் தெளித்தால் போதும். வேர் நுனி மறுபடி விழித்ததும் சுருக்கம் தானாகவே நிமிரும்.

உதிர்ந்த இலையை எடுத்துப் பாருங்கள். மஞ்சளாகி, மூட்டுக்கோட்டிலேயே சுத்தமாகக் கழன்றிருந்தால் அது வயசான இலை. பச்சையாகவே இலைகள் கொட்டினாலோ, நடுக்குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போது அழுகியதை வெட்டி, உலரவைத்து, தனியே வைத்துவிடுங்கள்.

புதுக்கன்று:

மூட்டுலதான் கழண்டிருக்கு ஐயா. மனசு லேசாச்சு. இன்னொண்ணு, அடியில ஒரு பக்கக் கன்று எட்டிப்பார்க்குது. பிரிச்சு வைக்கலாமா?

அந்திமல்லி:

ஐயாவுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன், பிரிக்காதீங்க! கூட்டமா வளர்ந்து ஒரே நேரத்துல பூக்கறப்பதான் அந்த ராத்திரி மணம் முழுசா கிடைக்கும்.

பாசிமேடு:

அம்மா சொன்னதே என் பதிலும். கட்டாயம் பிரித்தாக வேண்டுமென்றால், கன்றுக்குச் சொந்தமாக நாலைந்து நல்ல வேர்கள் வந்த பிறகு, வசந்தத்தில், கிருமி நீக்கிய கத்தியால் வெட்டுங்கள். அதுவரை அந்தப் பக்கம் நத்தை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது வேரின் பச்சை நுனி என்றால் அதற்கு உயிர்.